பெயர் இல்லாமல் வந்து பெயர் எடுத்த ஒரு கார்

எங்கட ஊர்ப்பக்கம் 'ஹொண்டா' என்று சொன்னால் அது மோட்டார் சைக்கிள்தான். சி.டி. 200, யப்பானில் தபால்காரர் ஓடிக் கழித்துப் பிறகு எங்களிடம் வந்த சிவப்பு எம்.டி. 90, சின்னச் சில்லு வைத்த சாலி, இவைதான் ஞாபகத்துக்கு வரும். தோட்டம் இறைக்கிற மெசினிலும் அதே பெயரைக் கண்டிருப்பீர்கள். மழையோ வெயிலோ உதைத்தால் ஸ்ராட் வரும். பழுதானால் ஊர்க் கராஜிலேயே திருத்தலாம். அந்தப் பெயரை நாங்கள் நம்பினோம். ஆனால் அதை ஒரு பெருமையான பெயர் என்று ஒருவரும் நினைத்ததில்லை. மாட்டைப் போல, மண்வெட்டியைப் போல அதுவும் உழைக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

அதே ஹொண்டா கொம்பனி 1990ஆம் ஆண்டில் ஒரு காரை விற்பனைக்கு விட்டது. பெயர் என்.எஸ்.எக்ஸ். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். எஞ்சின் சாரதியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பெராரி, போர்ஷ போன்ற பெரிய பெயர்களோடு நேருக்கு நேர் நிற்கவென்றே அது செய்யப்பட்டது. 2005இல் அதைச் செய்வதை நிறுத்தினார்கள். இருபது வருடம் கடந்தும் அந்தக் காரைத் தேடித் திரிகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இங்கு பிறந்த எங்கட பிள்ளைகளில் சிலர்கூட அதன் படத்தை ரெலிபோனில் வைத்திருக்கினம். அவையளுக்கு அதன் வேகமும் தெரியும், விலையும் தெரியும். அதன் பின்னால் உள்ள வரலாறு தெரியாது. தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவன் என்ற முறையில் அந்த வரலாற்றை இந்தப் புத்தாண்டு மலரில் எழுதலாம் என்று நினைத்தேன். கார் என்றால் நாலு சில்லு என்ற அளவில் மட்டும் அறிந்தவர்களும் பொறுமையாக வாசியுங்கோ. இது கைவேலையின் கதை.

கொல்லன் பட்டறையில் தொடங்கியது

சொய்ச்சிரோ ஹொண்டா 1906ஆம் ஆண்டு யப்பானில் ஹமமட்சு நகரத்துக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கொல்லர். சைக்கிளும் திருத்துவார். முதன்முதலாக ஊருக்குள் ஒரு மோட்டார் கார் வந்தபோது சிறுவனாக இருந்த அவர் அதன் பின்னால் ஓடினார் என்றும், நிலத்தில் ஒழுகிக் கிடந்த எண்ணெயைத் தொட்டு மணந்து பார்த்தார் என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். படிப்பில் பெரிய நாட்டம் இல்லை. 1922இல், பதினைந்து வயதில், ரோக்கியோவில் ஒரு கராஜில் தொழில் பழகப் போனார். அங்கே முதலில் கிடைத்த வேலை என்ன தெரியுமோ? முதலாளியின் கைக்குழந்தையைப் பராக்குக் காட்டுவது! குறட்டைத் தொடுவதற்கே மாதக்கணக்கில் காத்திருந்தார்.

1930களின் கடைசியில் சொந்தமாகப் பிஸ்ரன் வளையம் செய்யத் தொடங்கினார். ரொயோட்டாக் கொம்பனிக்குச் சோதனைக்குக் கொடுத்த ஐம்பது வளையங்களில் மூன்றுதான் தேறின. உலோகத்தைப் பற்றித் தனக்குப் போதிய அறிவு இல்லை என்று விளங்கிக்கொண்டு, முப்பது வயதில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் இளம் பெடியங்களோடு வாங்கில் இருந்து பாடம் கேட்டார். தனக்குத் தேவையானதை மட்டும் படித்தார். சோதனை எழுதவில்லை, சான்றிதழும் கிடைக்கவில்லை. வளையம் மட்டும் சரியாக வந்தது.

பிறகு போர் வந்தது. குண்டுவீச்சிலும் 1945 ஜனவரியில் வந்த பூமியதிர்ச்சியிலும் அவருடைய தொழிற்சாலைகள் அழிந்தன. மிச்சத்தை ரொயோட்டாவுக்கு விற்றுவிட்டு 1946இல் புதிதாகத் தொடங்கினார். இராணுவம் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பாவித்த சின்ன எஞ்சின்கள் சும்மா கிடந்தன. அவற்றை வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்றார். பெற்றோலுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் பைன் மர வேரில் இருந்து வடித்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்கள் இதை வாசிப்பவர்களில் எத்தனையோ பேர். போர் முடிந்த யப்பானும் அப்படித்தான் புகை கக்கிக்கொண்டு எழும்பியது.

1948இல் ஹொண்டா மோட்டார் கொம்பனி பிறந்தது. 1958இல் வந்த சுப்பர் கப் என்ற சின்ன மோட்டார் சைக்கிள் உலகம் எல்லாம் பரவி, 2017இல் 10 கோடி என்ற கணக்கைத் தாண்டியது. 1959இல் பிரித்தானியாவுக்கு அருகில் உள்ள மான் தீவில் நடந்த மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் போனார்கள். இரண்டு வருடத்தில், 1961இல், இரண்டு பிரிவுகளில் வென்றார்கள். அந்தக் காலத்தில் 'யப்பானில் செய்தது' என்றால் மேல்நாட்டில் சிரிப்பார்கள். இரண்டு நாளில் உடைகிற விளையாட்டுச் சாமான், மற்றவனைப் பார்த்துச் செய்த சாமான் என்ற பெயர்தான் இருந்தது.

கார் செய்ய வெளிக்கிட்டபோது சொந்த நாட்டு அரசாங்கமே குறுக்கே நின்றது. இருக்கிற கொம்பனிகள் போதும், புதிதாக ஒருவரும் கார் செய்ய வேண்டாம் என்று சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். ஹொண்டா அதை வெளிப்படையாக எதிர்த்தார். சட்டம் நிறைவேற முதல், 1963இல், ஒரு குட்டி லொறியையும் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரையும் செய்து வெளியில் விட்டார். அந்தச் சட்டம் கடைசியில் வரவே இல்லை. 1964இல் போர்முலா 1 போட்டிக்குள் கால் வைத்தார்கள். அடுத்த வருடமே மெக்சிக்கோவில் ரிச்சி கின்தர் என்ற அமெரிக்கர் ஓட்ட, ஹொண்டா முதல் வெற்றியைப் பெற்றது. அந்தக் காரில் எஞ்சின் சாரதிக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருந்தது. இதை ஞாபகம் வைத்திருங்கோ. இருபத்தைந்து வருடம் கழித்து இதே ஒழுங்கு திரும்பவும் வரும்.

பாரத்தை எங்கே வைப்பது?

எஞ்சின் எங்கே இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். சைக்கிளில் அரிசி மூடை ஏற்றினவைக்கு உடனே விளங்கும். கரியரின் பின்நுனியில் கட்டினால் முன்சில்லு தூக்கும், வளைவில் பின்பக்கம் தன் பாட்டில் இழுத்துக்கொண்டு போகும். ஹாண்டிலில் கொழுவினால் திருப்ப ஏலாது. அதே பாரத்தை இரண்டு சில்லுக்கும் நடுவில், பாரோடு சேர்த்து வைத்தால் சைக்கிள் சொன்னபடி கேட்கும்.

காரிலும் இதே கதைதான். காரில் உள்ள பாரமான ஒற்றைச் சாமான் எஞ்சின். சாதாரணக் கார்களில் அது முன்னால் இருக்கும். போர்ஷ 911இலும் பழைய வொக்ஸ்வாகன் வண்டுக் காரிலும் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும். சாரதிக்குப் பின்னால், ஆனால் பின் அச்சுக்கு முன்னால் வைத்தால் அதுதான் நடு எஞ்சின். 1960ஐ அண்டிய காலத்தில் போட்டிக் கார்கள் எல்லாம் இந்த ஒழுங்குக்கு மாறிவிட்டன. தெருவில் ஓடுகிற கார்களில் 1966இல் வந்த லம்போர்கினி மியூரா பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பெராரியும் அதே வழியில் போனது.

ஆனால் இந்தக் கார்களோடு சீவிப்பது லேசான காரியம் இல்லை. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் உள்ளுக்குள் வெக்கை. பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. கிளச்சை மிதிக்கக் கால் நோகும். அந்தக் காலத்துப் பெராரிகள் சிலவற்றில் ஒரு பெல்ற் மாற்றுவதற்கே எஞ்சினைக் கழற்றி வெளியில் எடுக்க வேண்டும். வாங்கினவர்கள் அதையும் ஒரு பெருமை போலத்தான் சொன்னார்கள். வடிவான கார் என்றால் கரைச்சல் தரத்தான் செய்யும் என்று உலகம் ஏற்றுக்கொண்டிருந்தது.

யப்பானில் இந்த வகையில் முதலில் பெருந்தொகையாகச் செய்தது ரொயோட்டா. 1984இல் வந்த எம்.ஆர்.2 என்ற சின்னக் கார், சாதாரண நாலு சிலிண்டர் எஞ்சினை நடுவில் வைத்து, நடுத்தரச் சம்பளக்காரனும் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது. நல்ல கார். ஆனால் அது பெராரியோடு போட்டிக்கு வரவில்லை. ஹொண்டா அந்த எல்லையைத் தாண்ட விரும்பியது. அதே 1984இல் இத்தாலியின் பினின்பரீனா நிறுவனத்தோடு சேர்ந்து எச்.பி.எக்ஸ் என்ற மாதிரிக் கார் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. அந்த எண்ணத்தை உண்மையான காராக மாற்றுகிற பொறுப்பு சிகெரு உயெஹரா என்ற பொறியியலாளரிடம் வந்தது.

உயெஹராவின் குழு வைத்த கேள்வி எளிமையானது. பெராரியைப் போல ஓடவேணும், ஆனால் ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கொண்டுபோகக்கூடியதாகவும் இருக்கவேணும், ஏன் முடியாது? எஃப்-16 போர் விமானத்தில் விமானி இருக்கிற கண்ணாடிக் கூண்டை முன்மாதிரியாக எடுத்தார்கள். சாரதியை முன்னுக்குத் தள்ளி, சுற்றிவரக் கண்ணாடி வைத்தார்கள். 360 பாகையில் 311.8 பாகை பார்வைக்குத் தெளிவாகத் தெரியும் என்று கணக்குக் காட்டினார்கள். எஞ்சினைக் குறுக்காக வைத்ததால் பின்னால் சாமான் வைக்கவும் இடம் வந்தது. பெல்ற் மாற்ற எஞ்சினை இறக்கத் தேவையில்லை. குளிரூட்டி ஒழுங்காக வேலை செய்யும். கிளச் சாதாரணக் காரைப் போல லேசாக இருக்கும்.

அலுமினியத்தோடு மல்லுக்கட்டு

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நானும் நாள் முழுக்க அலுமினியத்தோடு மாரடிக்கிறவன்தான்.

வேகமான கார் செய்ய இரண்டு வழி. ஒன்று, எஞ்சினைப் பெரிதாக்குவது. மற்றது, பாரத்தைக் குறைப்பது. ஹொண்டா இரண்டாவது வழியை எடுத்தது. காரின் முழு உடம்பையும் அலுமினியத்தில் செய்யத் தீர்மானித்தார்கள். அலுமினியம் உருக்கின் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு முன்னும் கதவு, மூடி போன்றவற்றை அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள். ஆனால் சட்டகமும் உடம்பும் ஒன்றாகச் சேர்ந்த முழு அலுமினியக் காரைத் தொழிற்சாலையில் தொகையாகச் செய்தவர்கள் உலகத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

ஏன் செய்யவில்லை? அந்த உலோகத்தின் குணம் அப்படி. உருக்குத் தகட்டை அச்சில் அமத்தினால் அமத்தின வளைவில் நிற்கும். அலுமினியம் கொஞ்சம் திரும்பி எழும்பும். அதைக் கணக்குப் பண்ணி அச்சையே வேறு மாதிரிச் செய்யவேணும். மெதுவான உலோகம் ஆகையால் ஒரு தூசி அகப்பட்டாலும் கீறு விழும். வெல்டிங் இன்னும் மோசம். அலுமினியம் 660 பாகை சென்ரிகிறேட்டில் உருகும். ஆனால் அதன்மேல் படிந்திருக்கிற மெல்லிய ஒக்சைட் தோல் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். சூட்டைக் கூட்டினால் உள்ளே இருக்கிற உலோகம் ஓட்டை விழுந்துபோகும். குறைத்தால் ஒட்டாது. கொடுக்கிற சூடும் ஒரு இடத்தில் நில்லாமல் தகடு முழுக்க ஓடிவிடும். இதைக் கையால் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், என்.எஸ்.எக்ஸ் காரின் ஒரு கதவு ஓரத்தைப் பார்க்கும்போது ஏன் வாய் பிளக்கிறது என்று.

இந்தக் கார் ஒன்றுக்காகவே ரொச்சிகி மாகாணத்தில் தகனெசாவா என்ற இடத்தில் புதுத் தொழிற்சாலை கட்டினார்கள். கொம்பனியின் மற்றத் தொழிற்சாலைகளில் இருந்து அனுபவமும் கைத்திறனும் உள்ள ஏறக்குறைய 200 தொழிலாளர்களைத் தெரிந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். மற்ற இடங்களில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கார் வெளியே வரும். இங்கே கூடினது 25. பெரும்பகுதி வேலை கையால் நடந்தது. உடம்பின் எடை 210 கிலோ. உருக்கில் செய்திருந்தால் இன்னும் 140 கிலோ கூடியிருக்கும். கீழே உள்ள தாங்கிகளையும் மற்ற உறுப்புகளையும் சேர்த்தால் மொத்தம் 200 கிலோ மிச்சம். அதாவது மூன்று ஆட்களை இறக்கிவிட்ட மாதிரி.

செனா சொன்ன குறை

1988இல் மக்லாரன் அணி ஹொண்டா எஞ்சினோடு 16 போட்டிகளில் 15ஐ வென்றது. அந்த அணியின் சாரதி பிறேசில் நாட்டு அயர்டன் செனா அந்த வருடம் உலகச் சம்பியன். 1989 பெப்ரவரியில் அவர் யப்பானின் சுசுகா ஓட்டத் தளத்துக்கு வந்திருந்தபோது, இன்னும் முடிக்கப்படாத என்.எஸ்.எக்ஸ் காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அதே மாதத்தில்தான் அமெரிக்காவின் சிக்காகோ கண்காட்சியில் அந்தக் காரை உலகத்துக்குக் காட்டினார்கள். பாராட்டுகள் குவிந்துகொண்டிருந்த நேரம்.

செனா ஓட்டிவிட்டு இறங்கி, உடம்பு கொஞ்சம் பலம் காணாது போலத் தெரிகிறது என்று கருத்துச் சொன்னார். தெருவில் ஓடுகிற காரைப் பற்றிச் சொல்லத் தான் பொருத்தமான ஆளோ தெரியாது என்ற அடக்கத்தோடுதான் சொன்னார். வேறு கொம்பனி என்றால் சிரித்துக் கைகுலுக்கி, படம் எடுத்து, விளம்பரத்தில் போட்டிருக்கும். உயெஹராவின் குழு காரை ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் என்ற கடும் வளைவுகள் நிறைந்த தளத்துக்குக் கொண்டுபோனது. மாதக்கணக்கில் அங்கேயே நின்று ஓட்டி, எங்கே நெளிகிறது என்று பார்த்து, அந்த இடத்தைப் பலப்படுத்தி, திரும்பவும் ஓட்டினார்கள். பாரம் அதிகம் கூடாமல் உடம்பின் விறைப்பை 50 வீதம் கூட்டிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

1990 செப்ரெம்பரில் யப்பானில் விற்பனை தொடங்கியது. 3 லீற்றர், வி-6 எஞ்சின். 280 குதிரை வலு. எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தைத் தாங்குவதற்காகப் பிஸ்ரனைப் பிடிக்கிற தண்டுகளைத் ரைற்றேனியத்தில் செய்தார்கள். விற்பனைக் கார் ஒன்றில் அதுவும் உலகத்தில் முதல்முறை. வி-ரெக் என்ற முறையால் மெதுவாக ஓடும்போது வால்வுகள் ஒரு மாதிரித் திறக்கும், வேகம் கூடினால் வேறு மாதிரித் திறக்கும். சந்தையில் சாதுவாகப் போகிற அதே மாடு சவாரியில் சீறிப் பாய்கிற மாதிரி. உச்ச வேகம் மணிக்கு 270 கிலோமீற்றர். யப்பானில் விலை 80 இலட்சம் யென்.

பெராரியைவிட விலை குறைவு, ஒவ்வொரு நாளும் ஸ்ராட் வரும், கிழவியும் ஓட்டலாம். இந்தச் செய்தி போகவேண்டிய இடங்களுக்குப் போனது. கோர்டன் மறே என்ற பொறியியலாளர் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத்தில் பிறந்தவர். 1990களில் உலகத்திலேயே வேகமான தெருக் காராக இருந்த மக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்தவர். அவர் என்.எஸ்.எக்ஸ் காரை ஓட்டிப் பார்த்தபின் தன் காரின் ஓட்டத்துக்கும் சுகத்துக்கும் பெராரியை அல்ல, இதைத்தான் அளவுகோலாக வைத்தார். தானும் ஒன்று வாங்கி வருடக்கணக்கில் ஓடினார். தன் காருக்கும் எஞ்சின் செய்து தரும்படி ஹொண்டாவைக் கேட்டார். அவர்கள் சம்மதிக்காததால் பி.எம்.டபிள்யூ செய்து கொடுத்தது. கொல்லன் மகனின் கொம்பனியிடம் ஐரோப்பா எஞ்சின் கேட்டு நின்ற காலம் அது.

சந்தையில் தோற்றது

இனி மறுபக்கம். இவ்வளவு நல்ல கார் நன்றாக விற்றதா என்றால், இல்லை. தொடக்கத்தில் யப்பானில் வருடக்கணக்கில் வரிசை நின்றது. அந்த நாட்டில் காசு வெள்ளமாக ஓடின காலம் அது. 1990களின் ஆரம்பத்தில் பங்குச் சந்தையும் காணி விலையும் விழுந்தன. அதோடு வரிசையும் கலைந்தது. வெளிநாட்டிலும் இதே நிலைமை. கடைசி வருடங்களில் ஒரு வருடத்துக்குச் சில நூறு கார்கள்தான் போயின. 1995இல் கழற்றக்கூடிய கூரை, 1997இல் 3.2 லீற்றர் எஞ்சினும் ஆறு கியரும், 2002இல் புது முகம் என்று இடைக்கிடை மாற்றங்கள் வந்தன. 1992இலும் 2002இலும் பாரத்தை இன்னும் குறைத்து 'ஆர்' என்ற விசேட மொடல்களைச் செய்தார்கள். 2004இல் வேலையைச் சுசுகாத் தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். 2005இல் நிறுத்தினார்கள். பதினைந்து வருடத்தில் செய்தது 18,000க்குச் சற்று மேல்.

ஏன் போகவில்லை? வாங்கக்கூடியவர்கள் சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, அதன் மூக்கில் இருந்த சின்னம். அந்த விலை கொடுத்து வாங்கின காரில், பக்கத்து வீட்டுக்காரனின் குட்டிக் காரில் இருக்கிற அதே 'எச்' எழுத்து. மற்றது இன்னும் விசித்திரம். கார் அளவுக்கு மிஞ்சி ஒழுங்காக இருக்கிறதாம்! பழுதாகாத, ஒழுகாத, வெக்கை அடிக்காத காருக்கு உயிர் இல்லை என்று எழுதினார்கள்.

ஆட்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். சொய்ச்சிரோ ஹொண்டா 1991 ஓகஸ்ட் 5ஆம் திகதி, 84ஆவது வயதில் இறந்தார். கார் வெளிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1992 முடிவில் ஹொண்டா போர்முலா 1இல் இருந்து விலகியது. 1994 மே 1ஆம் திகதி இத்தாலியில் இமோலா ஓட்டத்தில் செனா உயிரிழந்தார்.

காலம் சொன்ன தீர்ப்பு

விற்பனைக் கணக்கு அப்படி முடிந்தது. ஆனால் கதை முடியவில்லை. 1993 முதல் ஹொண்டா ஒரு ஏற்பாடு செய்திருந்தது. யப்பானில் என்.எஸ்.எக்ஸ் வைத்திருக்கிறவர்கள் காரைத் திரும்பக் கொம்பனிக்கு அனுப்பலாம். தேய்ந்ததை மாற்றி, கழற்றிப் பூட்டி, புதிது போலத் திருப்பிக் கொடுப்பார்கள். விற்றதோடு கை கழுவாமல், தாங்கள் செய்ததைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். உருக்கு உடம்புக் கார்கள் துருப்பிடித்துக் குப்பைக்குப் போன காலத்தில் அலுமினிய உடம்பு அப்படியே நின்றது. உயிர் இல்லை என்று எழுதப்பட்ட கார்கள் இலட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடின. ஓடஓட அவற்றின் மதிப்பு ஏறியது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றின் விலை அது புதிதாக இருந்தபோது விற்ற விலையைவிட அதிகம். 'ஆர்' மொடல் என்றால் இன்னும் பல மடங்கு.

தகனெசாவாவில் பழகின அலுமினிய வேலையும் வீண்போகவில்லை. 1999இல் வந்த ஹொண்டா இன்சைற் என்ற பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்த கார் அதே தொழிற்சாலையில் அலுமினிய உடம்போடு செய்யப்பட்டது. 1994இல் அவுடி, 2003இல் ஜகுவார், பிறகு அமெரிக்காவின் போர்ட் பிக்கப் என்று பலரும் அலுமினிய உடம்புக்கு வந்தார்கள். பெராரியும் பிற்காலத்தில் ஒவ்வொரு நாளும் ஓடக்கூடிய, கரைச்சல் குறைந்த கார்களைச் செய்யத் தொடங்கியது.

2016இல் ஹொண்டா அதே பெயரில் புதிய கார் ஒன்றை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் செய்தது. மின் மோட்டார்களும் சேர்ந்தது, பழையதைவிட எவ்வளவோ வேகமானது. 2022இல் அதுவும் நின்றது. மொத்தம் 3,000ஐ எட்டவில்லை. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆட்கள் இன்றும் தேடுவது பழையதைத்தான். வேகம்தான் காரணம் என்றால் இப்படி நடந்திருக்காது. இன்று சாதாரண மின்சாரக் கார்கள் பல அதை முந்திப் போகும். பெயர் காரணம் என்றாலும் நடந்திருக்காது, அதற்குப் பெயரே இருக்கவில்லை. செய்த வேலைதான் காரணம் என்பது என் எண்ணம். முப்பது வருடம் கழித்துக் கதவைச் சாத்தினாலும் முதல் நாள் போலப் பொருந்துகிறதே, அந்த வேலை.

எங்களுக்கு என்ன?

சொய்ச்சிரோ ஹொண்டா சாந்தமான மனிசன் இல்லை. கோபம் வந்தால் இடி விழுந்த மாதிரி என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 1973இல் ஓய்வு பெற்றதும் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. தன் கொம்பனியின் தொழிற்சாலைகள், விற்பனைக் கடைகள், திருத்துகிற கராஜுகள் எல்லாவற்றுக்கும் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு தொழிலாளியாகக் கைகொடுத்து நன்றி சொன்னார். ஒரு இடத்தில் ஒரு இளம் தொழிலாளி கை நீட்ட வந்துவிட்டு, தன் கை எண்ணெய்ப் பிசுக்காய் இருப்பதைக் கண்டு கழுவிவிட்டு வர ஓடப் பார்த்தாராம். வேண்டாம், அந்த எண்ணெய்தான் நல்லது என்று சொல்லி அந்தக் கையை அப்படியே பிடித்தார் என்று அந்தச் சம்பவத்தைச் சொல்லுவார்கள்.

எங்கட சமூகத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் தொழிற்சாலையிலும் சமையல் அறையிலும் துப்புரவு வேலையிலும் நின்று குடும்பத்தை நிமிர்த்தினவர்கள். ஊரில் உயர்தரம் வரை படித்தவர்கள், ஆசிரியராக இருந்தவர்கள்கூட அதற்குள் அடக்கம். ஆனால் இந்த வேலையைப் பற்றி வீட்டில் நாங்கள் எப்படிப் பேசுகிறோம்? "நீயும் என்னைப் போல பக்ரறியில நிக்கப் போறியோ, படி" என்றுதான் பிள்ளைக்குச் சொல்லுகிறோம். படிக்கத்தான் வேணும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லி, அப்பாவின் வேலை வெட்கப்படவேண்டிய ஒன்று என்று பிள்ளைக்கு நாங்களே பழக்கிவிட்டோம். மறுபக்கம் கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் பெரிய சின்னம் வைத்த காரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்துகிறோம். பெயருக்கு மரியாதை, வேலைக்கு இல்லை. என்.எஸ்.எக்ஸ் காரை வாங்காமல் விட்டவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

இந்தக் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் செனாவின் பெயரை எழுதுவார்கள், உயெஹராவின் பெயரை எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். தகனெசாவாவில் நின்று தகட்டை வெல்ட் பண்ணி, தடவிப் பார்த்து, பிழை என்றால் திரும்பச் செய்த அந்த 200 பேரின் பெயர் காரின் எந்த மூலையிலும் இல்லை. ஆனாலும் உலகம் இன்று காசு கொட்டிக் கொடுத்து வாங்குவது அவர்களின் கைவேலையைத்தான்.

ஆகவே படத்தை ரெலிபோனில் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தக் காரைப் பற்றிக் கதைக்கும்போது உங்கட அப்பாவிடமோ அம்மாவிடமோ, அவர்கள் வேலை செய்கிற இடத்தில் என்ன செய்கிறார்கள், அதில் எது கஷ்டம், எதைச் சரியாகச் செய்ய எத்தனை நாள் எடுத்தது என்று ஒருக்கால் கேளுங்கோ. கேட்டால் சொல்லுவினம். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் பேசாமல் இருக்கினம்.